ஞானப்பல் அறுவை சிகிச்சை: நோயாளி அறிய வேண்டியவை

வாயில் கடைசியாக முளைப்பது மூன்றாம் கடைவாய்ப் பல்லான ஞானப்பல். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு ஞானப்பற்கள், பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வெளிவருகின்றன. அதற்குள் மற்ற 28 பற்களும் தாடையில் இடம்பிடித்துவிடுவதால், பலருக்கு ஞானப்பல் எலும்புக்குள்ளோ ஈறுக்கு அடியிலோ சிக்கிக்கொள்கிறது. கீழ்த்தாடையில் இது அதிகம். வாய், தாடை அறுவை மருத்துவர்கள் அன்றாடம் செய்யும் சிகிச்சைகளில் சிக்கிய ஞானப்பல்லை அகற்றுவது முக்கியமான ஒன்று.

சிக்கிய பல் முன்பக்கம் சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டலாம், நேராக நிற்கலாம், முழுவதும் படுத்துக் கிடக்கலாம், பின்பக்கம் சாய்ந்திருக்கலாம். இந்தச் சாய்வை வைத்து ஜார்ஜ் வின்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1926-இல் வகுத்த பிரிவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. கீழ்த்தாடையில் முன்சாய்வே மிகுதி. எடுப்பதற்குக் கடினமானது பின்சாய்வு.

பாதி முளைத்த பல்லின்மேல் ஈறு மடல்போல மூடியிருக்கும். அந்த இடுக்கில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் தங்கினால் ஈறு வீங்கும். வீங்கிய ஈற்றை மேல்பல் கடிக்கக் கடிக்க வலி காதுவரை பரவும். வாயைத் திறப்பதே சிரமமாகும். சீழும் துர்நாற்றமும் சேரும். பக்கத்துப் பல்லில் சொத்தை விழுவதும், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகி எலும்பை அரிப்பதும் உண்டு. இவை பல்லை எடுப்பதற்குத் தகுந்த காரணங்கள். ஆனால் எந்தத் தொல்லையும் தராத பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டுமா என்பதில் மருத்துவ உலகில் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், நோயில்லாத ஞானப்பல்லை அப்படி எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆகவே, ‘இந்தப் பல்லை ஏன் எடுக்க வேண்டும், விட்டுவைத்தால் என்ன ஆகும்’ என்று நோயாளி தயங்காமல் கேட்கலாம்.

அறுவைக்கு முன் இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கப்படும். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்புதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. பல்லின் வேர் அந்த நரம்பை ஒட்டியிருப்பதாகத் தெரிந்தால், முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் தேவைப்படலாம். ஆபத்து அதிகமென்றால் வேரை விட்டுவிட்டுப் பல்லின் மேற்பகுதியை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு.

நோயாளி எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டிய கட்டம் இது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய வால்வுக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. ரத்தக் கசிவைவிட மாரடைப்பும் பக்கவாதமும் பெரிய ஆபத்து. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எடுப்பவர்களுக்கும், தாடையில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் பல் எடுத்த இடத்தில் எலும்பு ஆறாமல் அழுக நேரலாம்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற அச்சம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை மங்குவதில்லை.

பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும். அதற்கு வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. முழு மயக்கம் என்றால்தான் பட்டினி அவசியம். ஊசி போட்டபின் அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். மருத்துவர் ஈற்றைக் கீறி விலக்கி, பல்லை மூடிய எலும்பைச் சுழலும் கருவியால் சிறிது நீக்குவார். அப்போது உப்புக் கரைசல் இடைவிடாமல் பாயும். எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் நீடித்தாலே அதன் திசு சேதமடையும் என்பதால்தான் இந்தக் குளிர்விப்பு. பிறகு பல்லைத் துண்டுகளாக வெட்டி எடுத்து, குழியைக் கழுவித் தையல் போடுவார்.

காலியான குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் எலும்புக்குக் கவசம். வீட்டில் கடைப்பிடிக்கச் சொல்வதில் பெரும்பகுதி அதைக் காப்பதற்கே. வைத்த பஞ்சை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் துப்புதல், கொப்பளித்தல், உறிஞ்சு குழாயில் குடித்தல் கூடாது. கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம் தரலாம். வெந்நீர் ஒத்தடம் வீக்கத்தைக் கூட்டும். ஐஸ்கிரீம், ஆறிய கஞ்சி, குழைந்த தயிர் சாதம் ஏற்றவை. மரப்பு நீங்கும்வரை உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் முதல், சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான உப்பு நீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்தில் பெருமளவு வடியும். வாய் முழுதாகத் திறக்காததும் அதே போக்கில் சரியாகும். மாறாக, குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திடீரென அதிகரித்துக் காதுக்குப் பரவினால், ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளித்தெரிகிறது என்று பொருள். புகைப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது. குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி தணியும். அதற்கு மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும். உதடோ நாக்கோ மரத்தபடியே இருப்பதும் சிலருக்கு நேரும். பெரும்பாலோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், மிகச் சிலருக்கு நிலைத்துவிடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதை அறிந்திருக்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பஞ்சை அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம், நடுக்கத்தோடு காய்ச்சல், தாடைக்கு அடியில் கழுத்துவரை இறுகும் வீக்கம், நாக்கு மேலெழும்புதல், எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை அவை. பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்குப் பரவி மூச்சுப்பாதையை அடைக்கும் நிலையை 1836-இலேயே லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்திருக்கிறார். இன்றும் அது உயிரைப் பறிக்கக்கூடியது. இப்படி ஆனவரைப் பல் கிளினிக்குக்கு அல்ல, உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.