மூன்று வேகச் சைக்கிளும் மலைச்சாலையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலை எழத் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது கல்லாறு. பாறைகளுக்கிடையே தெளிந்து ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. நகரிலிருந்து இவ்வூர் வரை சாலை மேடும் பள்ளமுமாய் மாறிமாறிச் செல்லும். இதற்கு மேல் 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடையும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்த மலை இது.

இத்தகைய சாலையில் பழைய ஆங்கிலச் சைக்கிள் ஒன்று ஓடுமா? பிழைப்பை முன்னிட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலர் வீடுகளில் தந்தையோ பாட்டனாரோ வாங்கிய சைக்கிள் சுவரோரம் சாய்ந்து கிடத்தல் கூடும். பின்சக்கரத்தின் நடுவே பருத்த ஹப்பும், கைப்பிடியில் மூன்று நிலைகள் கொண்ட சிறு நெம்புகோலும் இருப்பின், அது மூன்று வேகச் சைக்கிள். வேகம் மாற்றும் பகுதி இயங்கவில்லை என்ற காரணத்தால் அந்த ஹப்பைக் கழற்றிவிட்டு, ஒற்றை வேகச் சக்கரம் பூட்டிக்கொள்ளுமாறு அறிவுரை கூறுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் அவ்வண்டியின் சிறப்பே போய்விடும். பெரும்பாலும் அந்த ஹப் பழுதடைந்திருப்பதில்லை. எண்ணெயும் கம்பியின் இழுவையும் சரியாக இல்லாமையே அதன் நோய். அதனைத் தீர்க்கும் முறையையும், மேட்டுச் சாலைக்கு ஏற்ப வண்டியைப் பொருத்தும் முறையையும் நாம் இங்கே காண்போம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ராலி நிறுவனத்தின் துணையோடு 1902ஆம் ஆண்டில் மூன்று வேக ஹப் உருவாயிற்று. ஸ்டர்மி, ஆர்ச்சர் என்னும் இருவர் பெயரை இணைத்து அதற்கு ஸ்டர்மி-ஆர்ச்சர் எனப் பெயரிட்டனர். 1936இல் வெளிவந்த ஏ.டபிள்யூ. என்னும் வகையே மிகுதியாகப் பரவியது. ஹப்பின் மேற்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் அவ்வெழுத்துகளையும், பல ஹப்புகளில் ஆண்டைக் குறிக்கும் எண்ணையும் காணலாம். 58 என்று பொறித்திருந்தால் 1958இல் செய்யப்பட்டது என்று கொள்க. ஆனால் சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கக்கூடும். ஆதலின் ஹப்பின் ஆண்டு வண்டியின் ஆண்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நாட்டிங்ஹாமில் இத்தொழிற்சாலை 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னர்த் தைவான் நாட்டு நிறுவனம் ஒன்று அதனை வாங்கி, அப்பெயரிலேயே ஹப்புகளைச் செய்து வருகிறது.

நம் நாட்டுச் சைக்கிள்களும் இந்த ஆங்கில வண்டிகளின் வழிவந்தவையே. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் ஆங்கில நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கப்பெற்றது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்னும் ஆங்கிலப் பெயர்கள் அவ்வாறே நம் ஊர்களில் வழங்கின. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலி தொழிற்சாலை ராலி வண்டிகளைச் செய்தது. இவ்வுறவினால் இன்று நமக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. பழைய ஆங்கில வண்டியின் 28 × 1½ அளவுள்ள டயரும் ட்யூபும், கம்பி பிரேக்குக்கு உரிய ரிம்மும், பிரேக் கட்டைகளும், சங்கிலியும் நம் நாட்டின் சாதாரணச் சைக்கிளுக்கும் உரியவையே. பின்சக்கரத்தில் 40, முன்சக்கரத்தில் 32 என்னும் ஸ்போக் கணக்குக்கூட ஒன்றே. பிற நாடுகளில் இவ்வண்டியை வைத்திருப்போர் தேடி அலையும் பொருள்களை, லூதியானாவில் செய்யப்பட்டவையாக நாம் எந்த மாநிலத்துச் சைக்கிள் கடையிலும் கேட்டுப் பெறலாம். டயர் வாங்கும்போது அதன் பக்கத்தில் பொறித்த மில்லிமீட்டர் எண்ணையும் பார்த்தல் நன்று. 28 × 1½ எனில் 635 என்றும், 26 × 1⅜ எனில் 590 என்றும் இருத்தல் வேண்டும்.

இனி ஹப்பின் இயல்பை அறிவோம். அச்சின் நடுவே அசையாது நிற்கும் பல்சக்கரத்திற்கு 20 பற்கள். சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல அதனைச் சுற்றி வருபவை நான்கு சிறு பல்சக்கரங்கள். அவற்றை வளைத்து நிற்கும் வெளிவளையத்தின் உட்புறத்தில் 60 பற்கள். மிதிக்கும் விசை கோள்களின் சட்டத்தில் நுழைந்து வளையத்தின் வழியே வெளியேறினால், சங்கிலிப் பல்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் பின்சக்கரம் நான்கு சுற்றுச் சுற்றும்; இது விரைவு நிலை. வளையத்தில் நுழைந்து கோள்களின் சட்டத்தின் வழியே வெளியேறினால் நான்குக்கு மூன்று. இது ஏற்ற நிலை. வளையத்தில் நுழைந்து வளையத்திலிருந்தே வெளியேறினால் ஒன்றுக்கு ஒன்று. இது நடு நிலை. அச்சின் துளை வழியே செல்லும் சிறு சங்கிலியை நெம்புகோலின் கம்பி இழுக்கும் அளவே எந்த நிலை என்பதை முடிவு செய்கிறது. கம்பி தளர்ந்திருந்தால் விரைவு நிலை. முழுதும் இழுபட்டால் ஏற்ற நிலை. ஆகவே ஏற்றத்தில் கம்பி அறுந்துவிட்டால் வண்டி கடினமான விரைவு நிலைக்கே போய்விடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இங்கேதான் ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. ஏ.டபிள்யூ. ஹப்பில் நடு நிலைக்கும் விரைவு நிலைக்கும் இடையே, விசை எதனையும் பற்றாத வெற்றிடம் ஒன்று உண்டு. கம்பி சிறிது தளர்ந்திருப்பின், நடு நிலையில் ஓடும்போதே பெடல் திடீரென்று வெறுமையாகச் சுழன்றுவிடும். ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழுந்து முழு எடையையும் பெடலின்மேல் செலுத்துவோர் அவ்வேளையில் முன்னே விழுந்து காயமுற நேரும். இந்த வண்டியைக் குறித்து எழும் அச்சத்திற்கும் பழிச்சொல்லுக்கும் இதுவே முதற்காரணம். ஆயினும் இதற்கு மருந்து மிக எளிது. முதலில் அந்தச் சிறு சங்கிலியின் கம்பியை அச்சினுள் முழுதும் திருகி, கம்பியின் திசைக்கு நேராக நிற்குமாறு அரைச் சுற்றுக்கு மிகாமல் பின்வாங்க வேண்டும். பின்பு நெம்புகோலை நடு நிலையில் வைத்து, வலப்பக்கத்து நட்டின் துளை வழியே உள்ளே பார்க்க வேண்டும். கம்பியின் தடித்த பகுதி முடியும் விளிம்பு, அச்சின் முனையோடு சரியாக ஒட்டி நிற்க வேண்டும். உள்ளே புதைந்திருந்தால் கம்பி தளர்வு. வெளியே நீண்டிருந்தால் இறுக்கம். திருகுக் குழலைச் சுழற்றிச் சரிசெய்து, பூட்டு நட்டால் இறுக்க வேண்டும். ஓரிரு நாள் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை பார்த்தல் நன்று. புதிய கம்பி சிறிது நீளும்.

நெடுநாள் கிடந்த ஹப்பினுள் எண்ணெய் பசையாக உறைந்திருக்கும். விசையைப் பற்றும் சிறு நாக்குகள் அப்பசையில் ஒட்டிக்கொள்வதனாலேயே பல ஹப்புகள் இறந்துவிட்டனவாகத் தோன்றுகின்றன. எண்ணெய்த் துளையில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுழற்றி, அழுக்கை வடியவிட்டு, பின்னர் இலேசான இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டால் பெரும்பாலும் உயிர் பெறும். பின் திங்கள்தோறும் சில துளிகள் போதும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் ஆகியவற்றை விடலாகாது. அவையே பின்னாளில் பசையாகும். சக்கரத்தின் ஆட்டத்தை நீக்க இடப்பக்கத்துக் கோனையே திருக வேண்டும். வலப்பக்கத்துக் கோனின் அமைப்பைக் கலைத்தல் கூடாது.

ஹப் இயங்கியபின் சட்டத்தை ஆராய வேண்டும். முன்போர்க்கின் தலைப்பகுதியிலும் குழாய் இணைப்புகளிலும் விரிசல் உள்ளதா எனக் கூர்ந்து நோக்குக. விரிசல் கண்ட போர்க்கைப் பழைமையின் மதிப்பைக் கருதி ஓட்டுதல் கூடாது. நாட்டிங்ஹாம் ராலி வண்டிகளில் கிராங்கு அச்சின் கிண்ணங்களுக்கு அங்குலத்திற்கு 26 மரைகள்; பிற ஆங்கில வண்டிகளில் பெரும்பாலும் 24. கடையில் கிடைத்த கிண்ணத்தை வலிந்து திருகினால் சட்டத்தின் மரையே அழியும். ஆதலால் பழைய கிண்ணங்களைக் காத்து, பக்கத்திற்கு 11 வீதம் கால் அங்குலப் பால்ரஸ்களை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. காட்டர் பின்னைக் கழற்றும்போது கிராங்கின் அடியில் இரும்புக் குழாய் ஒன்றைத் தாங்கலாக நிறுத்தியபின்னரே தட்ட வேண்டும். தாங்கலின்றி அடிக்கும் அடி பால்ரஸ் ஓடும் தடத்தைப் பள்ளமாக்கும்.

மூன்றாவது, பிரேக். இங்கே பழைமையின் பெருமையை விட்டு உண்மையைக் கூற வேண்டும். கம்பி பிரேக்கின் கட்டைகள் இரும்பு ரிம்மின் உட்புறத்தில் அழுந்துகின்றன. உலர்ந்த சாலையில் அவை போதும். முலாம் பூசிய இரும்பு நனைந்துவிட்டால் பிடிப்பு வெகுவாகக் குறையும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மழை பொழியும் கல்லாற்றுப் பகுதியில் இக்குறை சிறியதன்று. புதிய கட்டைகள் பொருத்தி, ரிம்மின் கோட்டம் எடுத்து, கம்பிகளின் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு பிரேக்குகளும் தனித்தனியே வண்டியை நிறுத்துகின்றனவா என்று சமநிலத்தில் சோதிக்க வேண்டும். அதன் பின்னும், 22 வளைவுகள் கொண்ட மலையிலிருந்து மழையில் இவ்வண்டியில் இறங்குதல் தகாது. முன்சக்கரத்தில் டிரம் பிரேக் ஹப் அமைத்தால் நனைந்த போதும் பிடிப்புக் குறையாது. சட்டத்தைச் சிதைக்காமல் செய்யத்தக்க மாற்றம் இது. பழைய சக்கரத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடலாம்.

நான்காவது, ஏற்றத்திற்கேற்ற பல்கணக்கு. இவ்வண்டிகளில் முன்பல்சக்கரத்திற்கு 46, பின்பல்சக்கரத்திற்கு 18 என்னும் கணக்குப் பெருவழக்கு. 28 அங்குலச் சக்கரத்தில் பெடலின் ஒரு சுற்றுக்கு ஏற்ற நிலையில் ஏறத்தாழ 4.3 மீட்டரும், நடு நிலையில் 5.7 மீட்டரும், விரைவு நிலையில் 7.6 மீட்டரும் வண்டி செல்லும். இது இங்கிலாந்தின் சமநிலச் சாலைக்கும் எதிர்காற்றுக்கும் ஏற்றது. நமக்கு விரைவு நிலை பெரும்பாலும் வீண். ஏற்ற நிலையோ போதாது. பின்பல்சக்கரத்தை 22 பற்கள் கொண்டதாக மாற்றினால் மூன்று நிலைகளும் முறையே 3.5, 4.7, 6.2 மீட்டர் ஆகும். நெடுமங்காட்டு மேடுகளில் இதன் பயன் முழங்காலுக்கே தெரியும். பிற்காலத்து ஹப்புகளில் பல்சக்கரம் மூன்று நாக்குகளால் பொருந்தி ஒரு கம்பி வளையத்தால் நிற்பதால், மாற்றுதல் சில நிமிட வேலை. மிகப் பழையவற்றில் மரையால் பூட்டியிருக்கும். சங்கிலிக்கு ஓர் அங்குல நீளம் சேர்க்க நேரிடலாம். கல்லாறு வரை இவ்வண்டி நம்மை இனிதே கொண்டு செல்லும். அதற்கு மேலுள்ள செங்குத்தான வளைவுகளில் இறங்கித் தள்ளிச் செல்வது இழுக்கன்று. இன்றைய மலைச் சைக்கிளின் வேலையை இதனிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

பூச்சு வேலை கடைசியாகவே வர வேண்டும். பலர் இதனை முதலிற் செய்து, பணத்தையெல்லாம் வண்ணத்தில் செலவிட்டு, ஓடாத வண்டியை அழகாக நிறுத்தி வைக்கின்றனர். பழைய கருப்புப் பூச்சும் பொற்கோடுகளும் பாதியளவேனும் எஞ்சியிருந்தால் அவற்றைச் சுரண்டி எடுக்கலாகாது. ஒருமுறை அழித்த கோட்டை மீண்டும் அவ்வாறே பெறுதல் அரிது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து மெழுகு பூசினால் போதும். முலாமில் படர்ந்த மெல்லிய துருவைத் தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்துப் போக்கலாம்.

ஆகவே முதலில் ஹப், இரண்டாவதாகச் சட்டம், மூன்றாவதாகப் பிரேக், நான்காவதாகப் பல்கணக்கு, இறுதியில் பூச்சு என்னும் வரிசையைக் கைக்கொள்வோமாக. ஹப்பை மாற்றச் சொல்லும் கடையில், முதலில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கம்பியைச் சரிசெய்து பார்க்குமாறு கேட்போம். செய்ய மனமில்லையெனில் நாமே வீட்டில் செய்யலாம். ஒரு ஸ்பானரும் அரைமணி நேரமும் போதும். சென்ற ஊரெல்லாம் புதிய பொருள்களை வாங்கிச் சேர்க்கும் நம் வாழ்வில், முன்னோர் உழைத்து வாங்கிய ஒரு பொருளை மீண்டும் உழைக்கச் செய்வது பெருமைக்குரிய செயல். அது பாதுகாப்பாகவும் உழைக்க வேண்டும் என்பதில் மட்டும் நாம் சிறிதும் தளர்தல் ஆகாது.