தேரிக்காட்டு வெள்ளெலியின் மூக்கு

திருச்செந்தூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "குதிரைமொழித் தேரியின் செம்மணலில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையை விட்டால் தண்ணீர் ஏது? அங்குள்ள உயிர்கள் எதைக் குடிக்கின்றன?"

வல்லநாட்டு வெளிமானுக்குத் தாமிரபரணி பக்கத்திலேயே ஓடுகிறது. ஒட்டகத்தின் கதை எல்லோரும் படித்ததுதான். என்னை வியக்க வைப்பது, நம் வறண்ட புஞ்சைகளில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி. வால் நுனியில் கருங்குஞ்சம் வைத்த, இரவில் மட்டும் வெளியே வருகிற பிராணி அது. மழைக்காலத்தில் பச்சையும் பூச்சியும் ஈரம் தரும். கோடையில் காய்ந்த விதைதான். அந்த விதைக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. மாவுச்சத்து உடலில் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன், மூச்சில் வந்த ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. 100 கிராம் உலர்ந்த பார்லியிலிருந்து சுமார் 54 கிராம் தண்ணீர் கிடைக்கும்.

கிடைத்ததைக் கைவிடாமல் காப்பதுதான் பெரிய வேலை. 1940-களில் அரிசோனா பாலையில், நம் வெள்ளெலியைப் போலவே வறண்ட நிலத்தில் வளை தோண்டி வாழும் கங்காரு எலிகளை ஆராய்ந்த க்நூட், போடில் ஷ்மித்-நீல்சன் தம்பதியர், நம்முடையதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு செறிவான சிறுநீரை அவை கழிப்பதைக் கண்டார்கள். கடல்நீரைக் குடித்தும் அவை பிழைத்தன!

ஆனால் சிறுநீரகத்தைவிட மூக்குதான் எனக்கு அதிசயம். உள்ளே போகும் உலர்காற்று, மூக்கின் ஈரச் சுவரில் பட்டு அதைக் குளிர்விக்கிறது. நுரையீரலிலிருந்து சூடும் ஈரமுமாகத் திரும்பும் காற்று அதே சுவரில் பட்டதும் நீர்த்துளி படிகிறது. இட்லிக் கொப்பரையின் மூடியைத் திருப்பினால் முத்து முத்தாக நிற்குமே, அதே சங்கதி. நாமும் இப்படிச் சிறிது மிச்சம் பிடிக்கிறோம். ஆனால் எலியின் மூக்கினுள் காற்றுப் பாதை மிகக் குறுகலானது; காற்று சுவரை ஒட்டியே போகவேண்டும். அதனால் கங்காரு எலி வெளிவிடும் மூச்சு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். மூச்சில் போகவேண்டிய நீரில் பெரும்பங்கு மூக்கிலேயே தங்கிவிடுகிறது.

இவ்வளவு சிக்கனமும் வளை இருந்தால்தான் செல்லும். ஆழத்து மண் பகல் வெயிலைத் தடுத்து, காற்றில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. செம்மணலை லாரி லாரியாக அள்ளும்போது போவது இந்த வளைதான். தரிசு என்று நாம் ஒதுக்கிய நிலத்தைக் கேட்க ஆளில்லை. தோட்டத்தில் வைக்கும் எலி விஷமோ, செத்த எலியைத் தின்ற கூகையையும் கொல்கிறது.

தேரியில் தண்ணீர்த் தொட்டி கட்டலாமா என்றும் அந்த மாணவி கேட்கிறார். பறவைகளுக்குக் கட்டுங்கள், அம்மா. வெள்ளெலிக்குத் தேவை விதை உதிர்க்கும் புல்லும், யாரும் தோண்டாத மணலும்.