தை மாதத்துக் கோடையும் கெடாவின் பால்மரமும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளைத் தமிழாசிரியர் வகுப்பிலே கற்பிக்கிறார். மாணவரும் மனனம் செய்து ஒப்பிக்கின்றனர். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்பது நூல் வழக்கு. ஆனால் கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங் வட்டாரத்திலே தை மாதத்தில் வகுப்பறைச் சன்னல் வழியே பார்க்கும் சிறுவன் காண்பது என்ன? பனியைக் காணவில்லை, காய்ந்து வெளிறிய புல்லையும், செம்பழுப்பு நிறமடைந்து சருகு உதிர்க்கும் பால்மரங்களையும் காண்கிறான். "ஐயா, இது எந்தப் பொழுது?" என்று அவன் கேட்டால் நாம் யாது விடை கூறுவோம்?

நூலும் பொய்யன்று, சிறுவன் கண்ணும் பொய்யன்று. நூல் தமிழகத்து வானத்தை நோக்கி எழுந்தது. சிறுவன் பழைய கடாரத்து வானத்தை நோக்குகிறான். வானம் வேறாயின் பொழுதும் வேறாகும். அப்பொழுது பயிரை எவ்வாறு தொடுகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கெடாவின் கோடை

நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலே பெருமழையைக் கொட்டுகிறது. கிளாந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தால் அல்லலுறுவதும் இக்காலத்திலேதான். ஆனால் நடுவே நிற்கும் மலைத்தொடர்களைத் தாண்டி வடமேற்கே வரும்போது அக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஆதலின் திசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலும், சில ஆண்டுகளில் மார்ச்சிலும், கெடாவும் பெர்லிசும் வறண்டு கிடக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழையும், செப்டம்பர், அக்டோபரை ஒட்டி மற்றொரு மழையும் வருகின்றன. இரண்டு மழை, நடுவே ஒரு கடுங்கோடை: இதுவே இவ்வட்டாரத்தின் பொழுதுப் பகுப்பு எனலாம்.

எல் நீனோ என்னும் பசிபிக் கடற்சூடு மிகும் ஆண்டுகளில் இக்கோடை நீண்டு கடுமையாகும். 1998 ஏப்ரலில் பெர்லிசின் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. 2016 ஏப்ரலில் வெப்பம் தாங்காது பெர்லிசிலும், கெடாவின் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் பள்ளிகளை மூட நேர்ந்தது ஆசிரியர் பலர்க்கு நினைவிருக்கும்.

இலை உதிர்வதும் பால் குறைவதும்

பால்மரம் இந்நாட்டு மரமன்று. அமேசான் காட்டு விதைகள் 1876-இல் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டு சிங்கப்பூரை வந்தடைந்தன. வந்த இடத்தின் வறட்சியை அம்மரம் தன் முறையில் எதிர்கொண்டது. இலை என்பது நீர் ஆவியாகி வெளியேறும் வாயில். மண்ணில் நீர் குன்றும்போது மரம் அவ்வாயிலை அடைப்பதுபோல் இலையனைத்தையும் உதிர்த்துவிடுகிறது. சில வாரங்களில் செம்புநிறத் தளிர் அரும்பி, இளம்பச்சையாகிப் பின் கரும்பச்சையாக முதிர்கிறது.

மரம் மொட்டையாய் நிற்கும் நாளிலேதான் பால் மிகக் குறையும் என்று பலர் எண்ணுவர். உண்மை சற்று வேறு. தளிர் விட்டு விரியும் வாரங்களிலேதான் பால் பெரிதும் குன்றுகிறது. மரம் சேமித்து வைத்த மாவும் சருக்கரையும் அப்போது புதிய இலைக்கே செலவாகின்றன. பாலாக மாற மிஞ்சுவது குறைவு. இதனால் சில தோட்டங்களில் அவ்வாரங்களில் வெட்டை நிறுத்தி வைப்பதும் உண்டு.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உளது. வறட்சி எப்போதும் மரத்திற்குப் பகையன்று. கோடை ஒரே சீராகக் காய்ந்தால் இலைகள் ஒருங்கே உதிர்ந்து, தளிரும் ஒருங்கே விரைந்து முதிர்கிறது. இடையிடையே தூறலும் காலை மூடுபனியும் வந்தாலோ இளந்தளிரிலே சாம்பல் பூத்தாற்போன்ற பூஞ்சை நோய் பற்றுகிறது. புதிய இலை மறுபடியும் உதிர்கிறது. மரம் இரண்டாம் முறை தளிர்க்கத் தன் சேமிப்பையே எடுத்துச் செலவிட வேண்டியதாகிறது. அவ்வாண்டு முழுதும் பால் மெலியும்.

விடியற்காலை வெட்டின் காரணம்

பெரட்டுக்கு ஆட்களை இருட்டிலேயே எழுப்பியது கங்காணியின் கண்டிப்பு என்றுதான் பழைய தோட்டத்தார் கூறுவர். அதற்கு மரத்தின் உடற்கூற்றிலும் காரணம் இருந்தது. இரவில் வேர் உறிஞ்சிய நீர் பட்டையிலுள்ள பாற்குழாய்களை நிரப்பி அழுத்தத்தை உயர்த்துகிறது. விடியுமுன் அவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேலாகும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுக்கின்றன, அழுத்தம் தாழ்கிறது, உளி பட்ட கோட்டிலே பால் சுருங்கி விரைவில் உறைகிறது. ஆகவே ஒவ்வொரு நாளுக்குள்ளும் ஒரு சிறு கோடை உண்டு. அதனை முந்திக்கொள்வதே பால்வெட்டின் நுட்பம்.

மழையோ வேறு வகையில் இடர் தருகிறது. நனைந்த பட்டையில் பால் கோட்டை விட்டு வழிந்து பரவும். மங்கில் விழுந்ததையும் நீர் அடித்துச் செல்லும். ஈரப்பட்டையில் வெட்டினால் வெட்டுவாயில் நோயும் பற்றும். நாட்கூலிக் காலத்தில் காலைமழை என்றால் வேலையில்லை, வேலையில்லையெனில் கூலியில்லை. தளிர்க்காலத்திலோ வேலை இருந்தும் வாளி நிறையவில்லை. பாலின் எடைக்கேற்பக் கூலி அமைந்த இடங்களில் வானத்தின் குறை தொழிலாளியின் சம்பளச் சீட்டிலேயே வந்து நின்றது. தைத் திருநாளில் கடைக்கணக்கு ஏறிய குடும்பங்கள் பல. இன்று மலேசியாவின் ரப்பரில் மிகப்பெரும் பங்கு சிறுதோட்டக்காரர் கையில் உள்ளது. இழப்பைத் தாங்குவோர் மாறினரேயன்றி இழப்பு மாறவில்லை.

பிற பயிர்களோடு ஒப்பு

இனி அயல்நாட்டுப் பயிர் ஒன்றை நோக்குவோம். அமெரிக்காவின் நடுமேற்கு நிலத்தில் மக்காச்சோளத்தை ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கின்றனர். சூலையிலே கதிரின் பட்டிழை வெளிவந்து மகரந்தம் ஏற்கும் சில நாட்களே அப்பயிரின் தலைவிதியைத் தீர்ப்பன. அந்நாட்களில் மண் காய்ந்து வெப்பமும் மிகுந்தால் இழை உலரும், மணி பிடிக்காது, பின்னர் எத்துணை மழை பெய்தும் பயனில்லை. சோயா அவரையோ பல வாரங்கள் தொடர்ந்து பூப்பது. ஒரு பூ உதிர்ந்தால் மற்றொன்று காய்க்கும். அதற்கு ஆகத்து மாதத்துக் காய் முற்றும் காலமே முதன்மையானது. அதனாலேயே அந்நாட்டு வேளாண் துறை வளர்பருவம் முழுதும் வாரந்தோறும் பயிர்நிலையை மிக மோசம் முதல் மிக நன்று வரை ஐந்து தரமாகப் பிரித்து வெளியிடுகிறது. 2012-இன் கடும் வறட்சியில் அத்தரங்கள் வாரத்துக்கு வாரம் சரிந்ததை உலகச் சந்தைகள் கலக்கத்துடன் கவனித்தன. கோழித் தீவனத்திற்குச் சோளத்தையும் சோயாவையும் இறக்குமதி செய்யும் மலேசியாவுக்கு அச்செய்தி அயற்செய்தியன்று.

கெடாவின் நெல் மூடா, பெடு அணைகளின் நீரை நம்பியது. 1978-இல் நீர் குன்றியதால் ஆண்டின் முதற்போகத்தையே கைவிட நேர்ந்தது. பால்மரங்களை வெட்டிய இடத்தில் நட்ட செம்பனையோ இன்னும் விந்தையானது. கடும் வறட்சியில் அம்மரம் ஆண்பூங்குலைகளையே மிகுதியாக உருவாக்கும். அவை விரிந்து, குலை குறைந்து நாம் உணர்வதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும்.

ஆகவே ஒரே வெயில் சோளத்தைச் சில நாட்களிலும், நெல்லை ஒரு போகத்திலும், பால்மரத்தை ஓர் ஆண்டிலும், செம்பனையை ஈராண்டு கழித்தும் தாக்குகிறது. வெயில் எவ்வளவு என்று மட்டும் கேட்பது போதாது. எந்தப் பயிருக்கு, அதன் எந்தப் பருவத்தில் என்றும் சேர்த்துக் கேட்டலே அறிவுடைமை.

ஆசிரியர் செய்யத்தக்கது

பெரும்பொழுது பாடத்தை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. அதனைச் செய்த புலவரும் தம் நிலத்தைக் கூர்ந்து நோக்கியே வகுத்தனர். அவர்தம் விடையை மாணவர்க்குக் கொடுப்பதோடு, அவர் நோக்கிய முறையையும் கொடுப்போம். நேர்ச்சுவருள்ள ஒரு தகரக் குவளையும் ஓர் அளவுகோலும் இருந்தால் பள்ளி வளாகத்தில் பெய்யும் மழையை அளந்துவிடலாம். ஒரு குறிப்பேட்டில் நாள், மழையளவு, அருகிலுள்ள பால்மரத்தில் முதல் இலை உதிர்ந்த நாள், முதல் தளிர் தோன்றிய நாள் ஆகியவற்றை மாணவரே எழுதி வரட்டும். ஓர் ஆண்டுக் குறிப்பு கதையாகும். பத்தாண்டுக் குறிப்பு சான்றாகும். தளிர்க்கும் காலம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்கிறதா என்பதை அக்குறிப்பேடு சொல்லும்.

"ஐயா, இது எந்தப் பொழுது?" என்று கேட்ட சிறுவனிடம் அக்குறிப்பேட்டைக் கொடுத்து, "நீயே பார்த்து எழுது" என்று கூறுவோம்.