ஒரே கதவு எண்ணில் 2 குடித்தனம்! மாலையானால் பில் எந்திரம் "மக்கர்" செய்வது ஏன்?

கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே "இண்டர்நெட்" லைன், ஒரே "ரவுட்டர்" பெட்டி. சென்னையில் இப்படிக் காலம் தள்ளும் குடும்பங்கள் ஏராளம்.

இந்த சிக்கனத்துக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்து இருக்கிறது.

எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய கதைதான். ஒரு மளிகைக் கடையை மனக்கண்ணில் பாருங்கள்.

மாலை 6 மணி. கல்லாவில் அண்ணாச்சி. எதிரே 7, 8 பேர். சாமான் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. கம்ப்யூட்டரில் கணக்கும் ஏறிவிட்டது. பட்டனைத் தட்டினால் பில் வரவில்லை!

"என்ன அண்ணாச்சி, சட்டுன்னு குடுங்க. பஸ் போயிடும்" என்று ஒருவர் அவசரப்படுத்தினார்.

அண்ணாச்சி பில் எந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார். 2 பில் வந்தது. மீண்டும் நின்றுவிட்டது. வேறு வழி இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரவு கணக்குப் பார்த்தபோது இடித்தது.

4 நாட்களாக இதே கூத்து. காலையில் ஓடுகிறது. மாலையில் படுத்துவிடுகிறது.

"மிஷின் அவ்வளவுதான். ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கிட வேண்டியதுதான்" என்று அண்ணாச்சி பணத்தை எண்ணித் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

தடுத்தார் வாலிபர்

தெருக்கோடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வாலிபர் சர்க்கரை வாங்க வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி. மிஷின் கெட்டுப்போச்சுன்னா காலையிலயும் ஓடக்கூடாதே! சாயந்திரம் வீட்டுக்கு யாரு வர்றா?"

"யாரு தம்பி வருவா? காலேஜ் விட்டு மகன் வருவான். 4 மணிக்கு."

"அவன் கையில செல்போன் இருக்குமே?"

"போன வாரந்தான் புதுசு வாங்கிக் குடுத்தேன்."

வாலிபர் சிரித்தார். "ஆள் மாட்டிக்கிட்டான்!"

எண்ணுக்கு வந்த சண்டை

வீட்டில் உள்ள கம்ப்யூட்டர், செல்போன், டி.வி., கேமரா, பில் எந்திரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இதை "ஐ.பி. முகவரி" என்பார்கள். 192.168.1.100 என்பது போல இருக்கும். நாம் வசிக்கும் வீட்டுக்குக் கதவு எண் மாதிரி.

இந்த எண்களை வழங்குவது ரவுட்டர். "டி.எச்.சி.பி." என்ற முறைப்படி வழங்குகிறது. இந்த முறை 1993-ல் வகுக்கப்பட்டது. எண் சொந்தம் அல்ல, வாடகைதான். கெடு முடிந்தால் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எந்த எண் என்று ரவுட்டர் குறித்து வைத்துக்கொள்ளும்.

அண்ணாச்சி கடையில் நடந்தது என்ன?

பில் எந்திரத்தை மாட்டிக் கொடுத்தவர், 100 என்ற எண்ணைக் கையாலேயே பதித்துவிட்டுப் போய்விட்டார். ரவுட்டரின் குறிப்பில் அது ஏறவில்லை. ரவுட்டரோ 100 முதல் 200 வரை உள்ள எண்களை வாடகைக்கு விடுகிறது.

மதியம் கடை சாத்தியதும் எந்திரத்தை அணைப்பது அண்ணாச்சியின் வழக்கம். 4 மணிக்கு மகனின் புது போன் வந்து எண் கேட்டது. சில ரவுட்டர்கள் எண்ணைக் கொடுக்கும் முன்பு, "அங்கே யாராவது இருக்கீங்களா?" என்று தட்டிப் பார்க்கும். எந்திரம்தான் தூங்குகிறதே! பதில் வரவில்லை. 100-ஐத் தூக்கி போனுக்குக் கொடுத்துவிட்டது.

4.30-க்குக் கடை திறந்தது. எந்திரமும் விழித்தது. ஒரே கதவு எண்ணில் 2 குடித்தனம்!

கம்ப்யூட்டர் அனுப்பும் பில், "நான்தான் 100" என்று கடைசியாகக் குரல் கொடுத்தவர் பக்கம் போகும். அணைத்துப் போட்டதும் எந்திரம் குரல் கொடுத்தது. 2 பில் வந்தது. பிறகு போன் குரல் கொடுத்தது. பில் போனுக்குப் போனது. பில்லை வைத்துக்கொண்டு போன் என்ன செய்யும்?

இப்படி எண் மோதினால் கம்ப்யூட்டர் திரையில் எச்சரிக்கை வரும். சின்ன பில் எந்திரத்துக்கு அந்த வாய் இல்லை.

பிடிப்பது எப்படி?

வாலிபர் செய்தது இவ்வளவுதான். பில் எந்திரத்தை அணைத்தார். கம்ப்யூட்டரில் "பிங்" என்ற கட்டளையைக் கொடுத்து 100-ஐக் கூப்பிட்டார். எந்திரம் அணைந்து கிடக்கிறது. ஆனால் பதில் வந்தது! பூட்டிய வீட்டுக்குள் இருந்து குரல் வந்தால் உள்ளே வேறு ஆள் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

சில போன்கள் "பிங்" கூப்பிட்டால் வாய் திறக்காது. ஆகவே பதில் இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. ரவுட்டரின் பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டும்.

தீர்வு என்ன?

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகும். எண்கள் மாறி விழுவதால் வரும் தற்காலிக நிம்மதி அது. மறுபடியும் மோதலாம்.

நிரந்தர வழி 2 உண்டு. முதல் வழி, எந்திரத்துக்கு வாடகை வரிசைக்கு வெளியே ஓர் எண்ணைப் பதிப்பது. 100 முதல் 200 வரை வாடகை என்றால், எந்திரத்துக்கு 50 கொடுக்கலாம். கம்ப்யூட்டரிலும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, எந்திரத்தைத் தானாக எண் வாங்கும்படி வைத்துவிட்டு, "இந்த எண் இதற்கு மட்டும்" என்று ரவுட்டரிலேயே "ரிசர்வ்" செய்வது. எந்திரத்தின் அடியில் ஒட்டி இருக்கும் 12 எழுத்து "மேக்" எண் இதற்குத் தேவை.

மாடியில் இன்னொரு பெட்டி

மாடிக்கு "சிக்னல்" எட்டவில்லை என்று பழைய ரவுட்டரை மாட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே எண் இருந்து, இரண்டும் தனித்தனியாக எண் வழங்கினால் வீடே குழம்பிவிடும்.

பழைய பெட்டிக்கு 192.168.1.2 என்று எண் கொடுங்கள். அதில் டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். "ஒயரை" "லேன்" துளையில் சொருகுங்கள். எண் கொடுக்கும் அதிகாரம் ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரின் எண் 169.254 என்று தொடங்கினால் அது மோதல் அல்ல. ரவுட்டரிடம் இருந்து எண்ணே கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது ஒயரையும் ரவுட்டரையும் பாருங்கள்.

பக்கத்து வீட்டிலும் இதே 192.168 எண்கள்தானே என்று பயப்பட வேண்டாம். இவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண்கள் என்று 1996-ல் விதி வகுத்திருக்கிறார்கள். அடுத்த தெருவிலும் 12-ம் எண் வீடு இருப்பது போலத்தான்.

கல்லாவுக்கே திரும்பியது

அண்ணாச்சி கடையில் எந்திரத்துக்கு 50-ம் எண் பதிக்கப்பட்டது. மாலை 6 மணிக் கூட்டத்துக்குப் பில் மளமளவென்று வந்தது. மாடியில் மகனின் போனும் ஓடியது.

வாலிபர் ஓர் அட்டையில் எந்தப் பொருளுக்கு என்ன எண் என்று எழுதி, ரவுட்டர் பக்கத்தில் ஒட்டினார்.

"அடுத்த தடவை யாரு வந்து மாட்டினாலும் இதைப் பார்த்துட்டு மாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி."

புது எந்திரத்துக்கு எண்ணி வைத்த பணம் கல்லாவுக்கே திரும்பியது. வாலிபர் வாங்கிய சர்க்கரைக்கு அண்ணாச்சி காசு வாங்கவில்லை!