கோடைப் பயணமும் குடிநீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பாலைநிலம் உண்டா என்று கேட்டால் நகைப்பவர் பலர். வல்லிபுரக் கோயிலைக் கடந்து மணற்காட்டுப் பக்கம் நண்பகலில் நடந்தவர் நகையார். அங்கே குன்று குன்றாக மணல். அம்மணலிற் புதையுண்டு சிதைந்து நிற்கும் பழைய தேவாலயம். அங்கிருந்து நாகர்கோவில், மருதங்கேணி, கட்டைக்காடு வழியாகத் தென்கிழக்கே சென்றால், 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற சுண்டிக்குளத்தை அடையலாம்.

விடுமுறைக் காலத்திலே, பிள்ளைகளோடு இவ்வழியே சென்று ஓரிரவு கூடாரமிட்டுத் தங்க விரும்பும் நேயர்கள் முதலில் எண்ணவேண்டியது தண்ணீரை. வாகனமும் உணவும் அதன் பின்னரே.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை மணலூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரிலும் பாரங்குறைந்ததாதலால் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. மணற்குன்றின் அடியிலே நன்னீர் ஊறுவது இதனாலேதான். குன்றை அள்ளிச் செல்வோர் மணலை மட்டும் அள்ளுவதில்லை என்பதை இவ்விடத்திற் சொல்லாதிருத்தல் இயலாது. கோடை முதிரும்போது அந்நன்னீர்ப் படை மெலிகின்றது. இறைப்பு மிகுந்தால் உவர் மேலெழுகின்றது. தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டதும் குடாநாட்டின் நீர்த்தட்டுப்பாடு பற்றியே.

ஆகவே, வழியிற் கிணறு காணலாம் என்று நம்பிப் புறப்படலாகாது. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்குப் பூங்காவிலே ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 லீற்றர் நீர் வேண்டும் என்கின்றனர். நமது வெயில் அத்துணைக் கொடியதன்று. எனினும் அக்கணக்கையே கொள்வது நன்று. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இரு நாட்களுக்கு 40 லீற்றர். மோரும் இளநீரும் இதற்கு மேலதிகம்.

செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் வைகறையில் நடந்து, வெயில் ஏறியதும் நிழலில் தங்குவர். மோட்டார் வண்டியிற் செல்வோர்க்கும் அதுவே முறை. காலை பத்து மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் இடையே பிள்ளைகளை மணலில் ஓடவிடாதீர்கள்.

கூடார முளை மணலிற் பிடியாது. சோளகம் வீசுங்கால் முளையோடு கூடாரமும் பறக்கும். சாக்கிலே மணல் நிரப்பி, கயிற்றை அதிற் பிணைத்துப் புதைப்பதே உறுதி. அக்காற்றில் அடுப்பு மூட்டுதல் ஆபத்து. புளிச்சோற்றைக் கட்டிச் செல்லுதல் எவ்வளவோ மேல். பூங்காவினுள்ளே அனுமதியின்றித் தங்கலாகாது. ஊருக்கு அண்மையில், ஊரவரிடம் கேட்டு இடங்கொள்ளுக.

இன்னுமொன்று. இது 2009 வரை போர் நடந்த நிலம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தை அணுகாதீர்கள். பலகை இல்லாவிடத்தும் நடந்து பழகிய தடத்தை விட்டு விலகாதீர்கள். மணலிற் கிடக்கும் இரும்புத் துண்டு எதனையும் தொடலாகாதென்று, புறப்படுமுன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கோடையிற் களப்பு வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும். பூநாரைக் கூட்டம் காணும் ஆவலுடையோர் மார்கழி, தை மாதங்களில் மீண்டும் வருக. அப்பொழுது கூடாரத்துக்கு வேண்டியது மழைத்துணி.