தெருவின் குறை சொன்ன பாட்டு!

குழந்தைகளே... பள்ளி திறக்கப் போகிறது. புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். என்ன செய்வது? அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் பகுதி மாணவி சிண்டி கேம்பெல், 1973 ஆகஸ்ட் 11ல், தன் குடியிருப்பிலேயே கட்டணம் வைத்து, நடன விருந்து நடத்தினார். அண்ணன் கிளைவ், இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். அந்த நாளையே, 'ஹிப் ஹாப்' இசையின் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றனர்.

அப்போது, பிராங்க்சில் வறுமை அதிகம். பல வீடுகள் தீக்கிரையாயின. அங்கிருந்த இளைஞர்கள், இசைத்தட்டையே வாத்தியமாக்கினர். தாளத்துக்கேற்ப, எதுகை மோனையுடன் வேகமாகப் பேசினர். அதுதான், 'ராப்!'

கடந்த 1982ல் வந்த, 'தி மெசேஜ்' என்ற ராப் பாட்டு, ஏழைகள் வாழும் தெருவின் அவலத்தை உலகுக்குச் சொன்னது. பின்னாளில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

உங்கள் தெருவிலும் குறை உண்டா? தாளம் போட்டு, நான்கு வரி எழுதிப் பாருங்களேன்!