ரேஞ்ச்பைண்டர் கேமராக்களைச் சேகரித்தலும் பழுதுபார்த்தலும்

ரேஞ்ச்பைண்டர் கேமரா என்பது பொருள் இருக்கும் தொலைவை அளந்து, அதற்கேற்ப லென்சைக் குவியச் செய்யும் பொறியமைப்பு கொண்ட பிலிம் கேமரா ஆகும். இதனைத் தொலைவுமானிக் கேமரா என்றும் சொல்லலாம். 1930களிலிருந்து 1960கள் வரை செய்தி ஒளிப்படக்காரர்கள் பெரிதும் விரும்பிய கருவி இது. இன்று பழைய கேமராக்களைத் தேடிச் சேர்ப்பவர்களிடம் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் பீரோவில் கிடந்த நல்ல கேமரா, தவறான கையில் திறக்கப்பட்டு வீணாவதும் அடிக்கடி நடக்கிறது. அதைத் தவிர்க்க, முதலில் இது வேலை செய்யும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

செயல்படும் முறை

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயன்றால் கை தடுமாறும். இரண்டு கண்களும் சற்று வேறுபட்ட கோணத்தில் பார்ப்பதால்தான் தொலைவு நமக்குப் பிடிபடுகிறது. ரேஞ்ச்பைண்டரும் இதே வழியில் இயங்குகிறது. கேமராவின் முன்பக்கத்தில் இரண்டு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியே வரும் ஒளி நேராகக் கண்ணுக்குச் செல்கிறது. மற்றதன் வழியே வருவது ஒரு கண்ணாடியிலோ பட்டகத்திலோ திரும்பி, பாதி மட்டும் எதிரொளிக்கும் மெல்லிய கண்ணாடி ஒன்றில் பட்டு, முதல் காட்சியின் நடுவே விழுகிறது. எனவே நடுப்பகுதியில் பொருள் இரண்டாகத் தெரியும். லென்சின் வளையத்தைத் திருப்பும்போது அதன் பின்புறம் உள்ளே இருக்கும் நெம்புகோலை நகர்த்துகிறது. இரண்டு உருவங்களும் ஒன்றானால் குவியம் சரி.

சாளரங்களுக்கு இடையிலுள்ள தூரம் கூடக்கூட அளவு துல்லியமாகும். லைக்கா எம்3 கேமராவில் இது சுமார் 68.5 மி.மீ.

இங்கே கண் பார்ப்பது ஒரு வழி, பிலிமில் பதிவது வேறு வழி. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்தில் எல்லாம் தெளிவாகவே தெரியும். அப்படியே ஒரு பிலிம் ரோல் முழுவதையும் எடுத்து முடித்தவர்கள் உண்டு. இந்த இரண்டு வழிகளையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வதே ரேஞ்ச்பைண்டர் பழுதுபார்ப்பின் சாரம்.

வரலாறு

35 மி.மீ. பிலிம் பயன்படுத்தும் லைக்கா 1925இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் ஆஸ்கர் பர்னாக். லென்சுடன் இணைந்த ரேஞ்ச்பைண்டர் 1932இல் லைக்கா II, கான்டாக்ஸ் ஆகிய இரண்டிலும் வந்தது. லைக்காவைப் பார்த்து 1934 முதல் கார்கிவ் நகரில் பெட் கேமராக்களும், போருக்குப் பின் சோர்க்கி கேமராக்களும் செய்யப்பட்டன. கான்டாக்ஸ் வழியில் வந்தது கீவ். ஜப்பானில் கேனான், நிக்கான் நிறுவனங்களும் இவ்வகையில்தான் தொடங்கின. 1959இல் வந்த நிக்கான் எஃப் போன்ற, லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமராக்கள் பின்னர் இவற்றைப் பின்னுக்குத் தள்ளின.

உள்ளே எழுந்து விழும் பெரிய கண்ணாடி இல்லாததால் ரேஞ்ச்பைண்டரில் சத்தம் குறைவு. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசான் லைக்காவையே கையாண்டார். 1950 ஏப்ரல் 14 அன்று இரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். நோயுற்ற ஒரு துறவியின் அருகில் படமெடுக்க, ஓசையடங்கிய சிறு கேமராவைவிடப் பொருத்தமான கருவி அக்காலத்தில் ஏது?

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் புழங்கியது யாஷிகாவின் இரட்டை லென்ஸ் கேமரா. வீடுகளில் அக்பா கிளிக் III. ரேஞ்ச்பைண்டர் பெரும்பாலும் வெளிநாடு சென்று வந்தவர்களின் பெட்டியில் வந்த பொருள். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்ட பின் இறக்குமதி பிலிமையே நம்ப வேண்டியுள்ளது.

வாங்கும்போது

'லைக்கா' என்று பொறித்திருந்தாலே லைக்கா ஆகிவிடாது. பெட், சோர்க்கி கேமராக்களில் பெயரை மாற்றிப் பொறித்து, பொன்முலாம் பூசி விற்பது நெடுநாளாக நடக்கிறது. லென்சைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால் உண்மை தெரியும். அசல் லைக்காவின் நெம்புகோல் முனையில் சிறு உருளை இருக்கும். சோவியத் கேமராவில் தட்டையான நாக்குப் போன்ற துண்டு இருக்கும்.

லென்சுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோலத் தெரிந்தால் பூஞ்சை. அதைத் துடைத்து எடுக்கலாம். ஆனால் அது அரித்த மேற்பூச்சு திரும்பாது. சோர்க்கியில் ஷட்டரை முறுக்கிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். முறுக்காமல் மாற்றினால் உள்ளமைப்பு சேதமாகலாம்.

1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35, 5.6 வோல்ட் பாதரச பேட்டரியில் இயங்கியது. பேட்டரி இல்லாவிட்டால் அதன் ஷட்டர் 1/500 நொடியில் மட்டுமே இயங்கும். அந்த பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. ஆகவே பழுதே இல்லாத பல கேமராக்கள் பழுது என்று ஒதுக்கப்படுகின்றன. வேறு பேட்டரியை உரிய இணைப்புடன் பொருத்திப் பார்த்த பிறகே முடிவு செய்வது நல்லது.

பழுதுபார்த்தல்

மேல்மூடியைத் திறந்ததும் தூசி படிந்த சிறு கண்ணாடி கண்ணில் படும். அதைத் துணியால் துடைப்பதுதான் தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. அதன் பூச்சு மிக மெல்லியது. ஒரே துடைப்பில் உரிந்துவிடும். பிறகு இரண்டாவது உருவமே தெரியாது. காற்று ஊதும் ரப்பர் பந்து போதும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் லென்சை முடிவிலிக் குறியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொருளைப் பார்க்க வேண்டும். நாகலாபுரம், கோவில்பட்டி, கயத்தாறு பக்கத்துக் கரிசல் காட்டில் இதற்குக் குறைவில்லை. வெட்டவெளிக்கு அப்பால் நிற்கும் காற்றாலைக் கம்பமோ செல்போன் கோபுரமோ போதும். கம்பம் பக்கவாட்டில் இரண்டாகத் தெரிந்தால் கிடைப்பிழை. உருவம் மேலும் கீழுமாக விலகியிருந்தால் செங்குத்துப் பிழை. இரண்டுக்கும் தனித்தனிச் சரிசெய்வான்கள் உண்டு. இது முடிந்த பிறகே ஒரு மீட்டர் தொலைவைச் சரிபார்க்க வேண்டும்.

அருகில்தான் பிழை பெரிதாகக் காட்டும். 50 மி.மீ. லென்சை எஃப்/2 துளையில் வைத்து ஒரு மீட்டரில் முகத்தைப் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே. சிறு பிசகிலும் கண்ணுக்குப் பதில் காது தெளிவாகிவிடும். சோவியத் லென்சுகளை லைக்காவில் மாட்டும்போது தொலைவில் சரியாகவும் அருகில் பிசகாகவும் இருப்பது சேகரிப்பாளர்கள் அறிந்ததே.

குற்றம் ரேஞ்ச்பைண்டரிலா, லென்சிலா என்று அறிய எளிய வழி உண்டு. பின்கதவு திறக்கும் கேமராவாக இருந்தால், பிலிம் செல்லும் இடத்தில் பட்டர் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை 'பி' வேகத்தில் திறந்து பிடித்துக்கொண்டு, அதில் விழும் உருவத்தை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். லென்ஸ் சொல்வது அங்கே தெரியும்.

இறுகிப்போன வளையத்துக்கும் ஒட்டிக்கொண்ட ஷட்டர் தகடுகளுக்கும் பெரும்பாலும் பழைய கிரீஸே காரணம். மண்ணெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் இரண்டையும் கிட்டேயே சேர்க்கக் கூடாது. தகடுகள் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருந்தால்தான் நகரும். சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் சிறிதளவு தொட்டுத் துடைப்பது வழக்கம். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும். ஜப்பானியக் கேமராவின் திருகுகளுக்குச் சாதாரண நட்சத்திரத் திருப்புளி சரியாகப் பொருந்தாது, தலை தேய்ந்துவிடும். ஜப்பானிய அளவுத் திருப்புளியை வாங்கிக்கொள்வது மலிவு.

பாதுகாத்தல்

கரிசல் பகுதியின் கோடையில் தூசிதான் எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம். தோல் உறை பார்க்க அழகு. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதில் கேமராவை மாதக்கணக்கில் வைப்பதைவிட, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பது மேல். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

வெயிலும் ஒரு ஆபத்து. இதில் லென்சுக்கும் துணி ஷட்டருக்கும் இடையே தடுப்புக் கண்ணாடி கிடையாது. லென்ஸ் சூரியனை நோக்கியபடி கேமராவை வைத்துவிட்டால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல ஒளி துணியில் ஓட்டை போட்டுவிடும். பிறகு எடுக்கும் படங்களில் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். 1959இல் வந்த கேனான் பி போன்றவற்றில் உலோகத் திரை இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில், படம் எடுக்காத நேரமெல்லாம் லென்ஸ் மூடியைப் போட்டே வைக்க வேண்டும். எடுக்கும்போது கழற்றவும் மறக்கக் கூடாது.